பகலில் நிலாவை இறக்கி வைக்கும் இடம்

பாறசாலை,
12 பிப்ரவரி 2025

மக்களே பிந்துஜா,

உன் மாமன் அப்புக்குட்டன் எழுதுகிறேன். பெயரை முதலிலேயே போட்டுவிட்டேன். ஏனென்றால் கொஞ்ச நாளாக உன் போனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்போது விளித்தாலும் அதற்குள் இருக்கும் ஒரு பெண்பிள்ளை, நீ வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாக மூன்று பாஷையில் சொல்லுகிறாள். ராத்திரியும் பகலும் அப்படி யாரோடு பேசுகிறாய் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அதற்கு அம்மிணி சொன்ன பதில்: "அண்ணா, அவ உங்களெ பிளாக் பண்ணியிருக்கா."

நான் சிரித்தேன். இந்தத் தாலுகாவில் அப்புக்குட்டனை பிளாக் பண்ண ஆள் பிறக்கவில்லை. என் ஆட்டோவைக் கண்டால் கேரளா பஸ்ஸும் ஒதுங்கும், தமிழ்நாட்டு பஸ்ஸும் ஒதுங்கும். இரண்டு சர்க்கார் வழிவிடுகிற மனிதனாக்கும் நான்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நீ கொச்சியில் கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்து அம்மாவின் பிறந்தநாளுக்கு அவள் போனில் அனுப்பியிருந்தாயே, அதைப் பற்றியதாக இருக்குமோ? வெள்ளை வெடிப்புத் தரை, அதில் மொட்டை மரக் குற்றிகள், மேலே வானத்தைப் பாதி அடைத்துக்கொண்டு வளையம் போட்ட ஒரு கோளம். அம்மிணிக்கு அதன் மதிப்புத் தெரியாது. அழகாயிருக்கு என்று சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள். நான் அப்படி விடுவேனா? என் போனுக்கு மாற்றி, நம் குடும்பக் குரூப், ஆட்டோ ஸ்டாண்டு குரூப், கோயில் கமிட்டி குரூப், சர்ச்சுக்காரர்கள் குரூப் (அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே) எல்லாவற்றிலும் போட்டேன். கீழே எழுதியது இவ்வளவுதான்: "நம்ம பிந்துஜா ராக்கெட்டில் இருந்து எடுத்தது. அதிகம் பகிரவும்."

மக்களே, அது போன போக்கு! அமரவிளையில் கேட்டாலும் உண்டு, தனுவச்சபுரத்தில் கேட்டாலும் உண்டு. காலேஜ் பிள்ளைகள் ஆட்டோவில் ஏறியதும், "மாமா, ராக்கெட்டுக்குப் போன பிள்ளைக்க மாமன் நீங்கதானா?" என்று கேட்கிறார்கள். சிலர் இறங்கிப் போகும்போது கும்பிடுகிறார்கள். இதில் உனக்கு என்ன கோபம்? பெயரை ஆங்கிலத்தில் போட்டிருக்க வேண்டுமோ?

உன் மாமன்,
அப்புக்குட்டன்


காக்கநாடு,
18 பிப்ரவரி 2025

மாமா,

பிளாக் செய்தது நான்தான். கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். ஏனென்றால் கடிதத்தை ஃபார்வேர்டு செய்ய முடியாது.

நான் ராக்கெட்டில் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பலகை போன்ற ஒரு திரையின் மேல் பேனாவால் வரைகிறேன். அந்தப் படம் எனக்குச் சொந்தமும் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒருவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஒரு கூடாரத்தைக் கொண்டுபோய், அதற்குள் குழந்தைகளை மல்லாந்து படுக்க வைத்து, மேலே வானத்தைக் காட்டப் போகிறார். அந்தக் காட்சிக்காக எங்கள் ஸ்டூடியோவிடம் கேட்டு வாங்கிய படம் அது. யாரும் பார்த்திராத உலகமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன ஒரே நிபந்தனை.

அவருக்கு ஒரு நாள் காலையில் அவருடைய மாமியார் ஒரு குட்மார்னிங் செய்தி அனுப்பியிருக்கிறார். ரோஜாப்பூ, காப்பிக் கோப்பை, பின்னால் என்னுடைய கோளம்.

அவர் படத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அனுப்பியது என் தப்பு. அதை ஸ்டூடியோவில் ஒத்துக்கொண்டேன். ஏப்ரல் பாதிக்குள் வேறு ஒரு உலகம் வரைந்து அவர் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் என்னை வேலையில் நிரந்தரமாக்க மாட்டார்கள். நான் ஊருக்குத் திரும்பி வர வேண்டியதுதான்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். யாரிடமும்.

பிந்துஜா


பாறசாலை,
23 பிப்ரவரி 2025

மக்களே,

கடிதம் கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டாண்டில் நான்கு பேருக்கு வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். அவர்கள் நாலு பேரும் என் நாக்கைப் போல நம்பிக்கையானவர்கள்.

கூடாரத்துக்காரரின் மாமியார் செய்த வேலைக்கு நீ ஏன் அழ வேண்டும்? கவலைப்படாதே. படம் வெளியே போனதுதானே குற்றம்? போனதைத் திரும்ப வாங்கிவிட்டால் தீர்ந்தது. கல்யாண வீட்டுக்கு வார்ப்பும் உருளியும் இரவல் கொடுத்தால் எப்படி? மறுநாள் வீடு வீடாகப் போய், அடியில் கொத்தியிருக்கும் பெயரைப் பார்த்து எடுத்துக்கொண்டு வருவோம் இல்லையா? உன் அம்மா கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தவன் நான். ஒரு கரண்டி குறையவில்லை. ஒரு கரண்டி கூடுதலாக வந்தது என்றே சொல்லலாம்.

வேலையைத் தொடங்கிவிட்டேன். ஆட்டோவில் ஏறுகிற ஒவ்வொருத்தரிடமும், "போனை எடு மக்கா, அந்தக் கோளம் உண்டா? டெலிட் பண்ணு, பிறகு வண்டியை எடுக்கேன்" என்கிறேன். ஒரு தாசில்தாரே இறங்கி நின்று டெலிட் பண்ணினார். (தாசில்தார் ஆபீஸில் டீ கொடுக்கிற ஆள். இரண்டும் ஒரே கட்டிடம்தான்.)

முடிதிருத்தும் சானுதான் கொஞ்சம் தகராறு செய்தான். கடைக் கண்ணாடிக்கு மேலே உன் படத்தை அச்சடித்து ஒட்டியிருக்கிறான். "எலே சானு, அது போட்டோ இல்லே, என் மருமவ கையால வரைஞ்சதாக்கும். எடு" என்றேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஏறிட்டுப் பார்த்தான். "வரைஞ்சதா? போட்டோன்னா எடுத்திருப்பேன் அண்ணே. போட்டோ யாரும் எடுக்கலாம். வரைஞ்சதுன்னா இது இங்கதான் இருக்கும்" என்றான். முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவரும் எழுந்து வந்து பார்த்தார். பாதி முகம் வெள்ளை, பாதி முகம் கறுப்பு. அவரும் ஒரு கோளம் மாதிரிதான் இருந்தார்.

அமரவிளையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற ஷைஜுவைப் பிடித்திருக்கிறேன். உன் படத்தைப் போட்டு ஊரில் நிற்கிற பலகைகளுக்கு எல்லாம் அவன்தான் மூலம். விடமாட்டேன்.

அப்புக்குட்டன்


காக்கநாடு,
1 மார்ச் 2025

மாமா,

உருளி ஒன்று கொடுத்தால் ஒன்று திரும்ப வரும். படம் அப்படி இல்லை. கொடுத்தவரிடமும் இருக்கும், வாங்கினவரிடமும் இருக்கும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

இங்கே புதிய படம் நகரவில்லை. நட்சத்திரம் தூவுவதற்கு ஒரு பிரஷ் உண்டு. ஒரு இழுப்பில் ஆயிரம் விழும். அப்படியே விட்டால் தரையில் அரிசி மாவு சிந்தியது போல இருக்கும். ஒவ்வொன்றாக அழித்து, சிலதை மங்கலாக்கி, சிலதைத் தள்ளி வைத்தால்தான் தூரம் வரும். வானம் வரைவதில் பாதி வேலை அழிப்பதுதான். நான் அழித்து அழித்து, இப்போது திரையில் கறுப்பு மட்டும் இருக்கிறது. பச்சை வானம் போட்டுப் பார்த்தேன், இரண்டு சூரியன் வைத்துப் பார்த்தேன். எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது. நின்று பார்க்க ஒரு தரை வேண்டும் மாமா. தரை கிடைக்கவில்லை.

கோபம் ஆறவில்லை. ஆனால் சானுவின் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிந்துஜா


பாறசாலை,
9 மார்ச் 2025

மக்களே பிந்துஜா,

இந்தக் கடிதத்தை நான் ஸ்டாண்டில் வாசிக்கப் போவதில்லை.

ஷைஜு உன் படத்தை எங்கெல்லாம் அடித்துக் கொடுத்தான் என்று நெருக்கிக் கேட்டதில் தனுவச்சபுரத்தில் ஒரு டியூஷன் சென்டர், ஒரு ஜூஸ் கடை, பிறகு பொழியூர் கடற்கரையில் ஒரு பலகை என்றான். டியூஷன் சென்டரில் நான் கொடுத்த சத்தத்தில் பலகை தானாகவே விழுந்தது. ஜூஸ் கடையில் கோளத்தின் மேல் அன்னாசிப்பழம் ஒட்டிவிட்டார்கள். இனி அது யார் படம் என்று தெரியாது.

பொழியூருக்கு வியாழக்கிழமை போனேன். தோட்டிக் கம்பு, கயிறு, ஏணி எல்லாம் ஆட்டோவில். எடுக்கிற பலகைக்குப் பதிலாக வைக்க ஷைஜுவிடமிருந்து ரோஜாப்பூ போட்ட வேறொரு ஃப்ளெக்ஸும் வாங்கியிருந்தேன். எதற்குப் பலகை என்று அவனிடம் கேட்காதது என் கெட்ட நேரம்.

கடற்கரைக்குத் திரும்புகிற முக்கில் நிற்கிறது. கண்ணீர் அஞ்சலிப் பலகை. நிக்கோலஸ் என்று ஒரு மீன்பிடிக்காரர். வள்ளத்தைக் கரையேற்றி, வலையை இறக்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தவர்தானாம். சட்டைப் பொத்தான் ஒன்று போடாத படம். அவருடைய தலைக்குப் பின்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, உன் கோளம். அவர் உன் வெடிப்புத் தரையில் நிற்கிற மாதிரியே ஷைஜு வைத்திருக்கிறான். பாவி, நல்ல வேலைக்காரன்.

நான் ஏணியைச் சாய்த்துவிட்டேன். ஒரு பக்கத்துக் கயிறையும் அறுத்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

"அண்ணா, காத்துல அறுந்ததா? நல்லா இறுக்கிக் கெட்டுங்க. நேத்தும் ஆடிச்சு."

அவர் மனைவி ஜெம்மா. கையில் மீன் சருவம். நான் பலகையை முறுக்கிக் கட்ட வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார். நானும் கட்டினேன். நாலு முடிச்சு கூடுதலாகவே போட்டேன். இறங்கி வந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, படிச்சவங்க மாதிரி இருக்கிய, ஒண்ணு கேக்கட்டா? அவருக்குப் பின்னாடி இருக்கே, அது நெசமாவே உள்ள எடமாக்கும்? ஷைஜு பையன் ராக்கெட்டுல எடுத்ததுன்னு சொன்னான். எனக்க மவன் சும்மா படம்னு சொல்லுதான். நான் டெய்லி சந்தைக்குப் போறப்ப இங்க நின்னு பாத்துட்டுத்தான் போறேன். உள்ள எடம்னா நிம்மதியா இருக்கும்."

படித்தவர் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மக்களே, என் வாயில் ஒன்றும் வராத நாள் உனக்குத் தெரியுமா? எத்தனை கதை ஆயத்தமாக உள்ளே கிடக்கும்! ராக்கெட்டுக்கு நான்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்த பிறகு, இல்லாததைச் சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

"வரைஞ்சது எனக்க மருமவளாக்கும். அவகிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்றேன்.

அவர் சருவத்திலிருந்து ஒரு கை சாளை மீன் எடுத்து இலையில் பொதிந்து என் கையில் வைத்தார். பலகை கட்டின கூலியாம். வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மிணி குழம்பு வைத்தாள், எனக்குப் போட்ட மீனையும் அவள் தட்டுக்கே மாற்றிவிட்டேன்.

ஒரு வரி எழுது. அது உள்ள இடமா, இல்லையா? பலகையை நான் எடுக்கவில்லை. நீ எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன். ஆனால் அதை நீ நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லு.

மாமன்


காக்கநாடு,
15 மார்ச் 2025

மாமா,

எடுக்க வேண்டாம். ஸ்டூடியோவில் கேட்டேன். வேண்டாம் என்று தள்ளின படம்தானே, அந்தப் பலகை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெம்மா அக்காவிடம் சொல்லுங்கள். உள்ள இடம்தான்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நான் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது, கோடை விடுமுறையில் உங்கள் பழைய ஆட்டோவில் என்னைக் கள்ளிக்காட்டில் இருக்கும் அணைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அணையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. கரையிலிருந்து இறங்கி நடந்தோம். தரை வெள்ளையாக, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீருக்கடியில் இருந்த மரங்களின் குற்றிகள் மட்டும் வரிசையாக நின்றன. ஒரு சத்தம் இல்லை. இது என்ன இடம் மாமா என்று கேட்டேன். நீங்கள் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னீர்கள்:

"இதாக்கும் நிலா. பகல்ல இங்க எறக்கி வச்சிருப்பாவ. ராத்திரி ஏத்துவாவ. சத்தம் போடாதே, ஆளுங்க தூங்குதாவ."

நான் அப்படியே நம்பினேன். பள்ளி திறந்ததும் வகுப்பில் எழுந்து நின்று, நான் நிலாவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் கூடத்தான். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, பொய் இல்லை என்று காட்டுவதற்காக நோட்டின் பின்பக்கத்தில் அந்த இடத்தை வரைந்தேன். அன்று தொடங்கியதுதான். யாரும் பார்த்திராத உலகம் வேண்டும் என்று கூடாரத்துக்காரர் சொன்னபோது என் கை அங்கேதான் போயிற்று. வெடிப்பு, குற்றி, வெளிச்சம் விழுகிற பக்கம் எல்லாம் அதே. மேலே கோளத்தை மட்டும் நான் ஏற்றினேன்.

அதனால் ராக்கெட் என்று நீங்கள் சொன்னது பொய். இடம் பொய் இல்லை.

இன்னொன்று. இத்தனை நாள் புதிய தரை தேடிக்கொண்டிருந்தேன். நேற்று உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது ஒன்று தோன்றியது. நிக்கோலஸ் அண்ணனின் வள்ளம் இப்போது எங்கே, எப்படிக் கிடக்கிறது? பார்த்து எழுதுங்கள். ஒன்றும் சேர்க்காமல்.

பிந்துஜா


பாறசாலை,
20 மார்ச் 2025

மக்களே,

ஒன்றும் சேர்க்காமல் எழுது என்று சொல்லி என் வலது கையைக் கட்டிவிட்டாய். இடது கையால் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

முதலில் ஜெம்மாவிடம் சொன்னேன். உள்ள இடம்தான், கள்ளிக்காட்டுப் பக்கம், என் மருமகள் நேரில் போய் நின்றிருக்கிறாள், கூட்டிக்கொண்டு போனது நானாக்கும் என்றேன். அதில் ஒரு சொல் பொய் இல்லை. உண்மை பேசினால் இவ்வளவு பெருமையாகப் பேசலாம் என்று எனக்கு இத்தனை காலம் யாரும் சொல்லித் தரவில்லை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்போ பஸ்ஸுல போற தூரம்தான்" என்றார்.

வள்ளம். நீலம். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு, அதுவும் உரிந்துவிட்டது. கண்ணாடி நார் வள்ளம், மரம் இல்லை. தெங்குகளுக்குக் கீழே மணலில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறார்கள். உள்ளே மழைத் தண்ணீர் கொஞ்சம், அதில் ஒரு பிளாஸ்டிக் செருப்பு, ஒற்றை. மூக்கு கடலைப் பார்த்து இருக்கிறது. மற்ற வள்ளங்கள் எல்லாம் ஊரைப் பார்த்து.

திமிங்கலம் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனதாக ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். நீ அழிப்பதுதான் பாதி வேலை என்றாயே.

மாமன்


காக்கநாடு,
2 ஏப்ரல் 2025

மாமா,

வரைந்து முடித்தேன். ஏறக்குறைய.

அதே மாதிரி வெடிப்பு வெள்ளைத் தரை, ஆனால் குற்றிகள் இல்லை. அது சரிந்து ஒரு இருண்ட கடலில் இறங்குகிறது. மேலே பழையதை விடப் பெரிய கோளம், வளையம் இல்லாமல், பாதி வெளிச்சத்தில். நட்சத்திரங்கள் கொஞ்சமே. கரையில் ஒரு நீல வள்ளம் ஒரு பக்கமாகச் சரிந்து, மூக்கைக் கடலுக்கு வைத்து. உள்ளே தேங்கிய தண்ணீரில் கோளத்தின் ஒரு துண்டு தெரிகிறது. செருப்பை வரைந்தேன், பிறகு அழித்தேன்.

கூட்டத்தில் கூடாரத்துக்காரர் நெடுநேரம் பார்த்தார். "வேறு உலகத்தில் மீன்பிடி வள்ளம் எப்படி வந்தது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பகலில் இங்கேதான் இறக்கி வைப்பார்கள் சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது மாமா.

அவர் சிரிக்கவில்லை. குழந்தைகள் இதைக் கட்டாயம் கேட்பார்கள், அப்போது இதையே சொல்லலாம் என்று எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் தனியாகப் போய் அது யாருடைய வள்ளம் என்பதைச் சொன்னேன். ஜெம்மா அக்காவுக்கு மட்டும் ஒரு அச்சுப் பிரதி கொடுக்க அனுமதி தந்தார். சின்னத் திருத்தங்களை முடித்து அடுத்த வாரம் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் முடிவு. மாமியாருக்கு இப்போதைக்குக் காட்டப் போவதில்லை என்றார்.

பிரதி இந்த உறைக்குள் இருக்கிறது. உங்கள் கையில் கொடுக்கிறேன். யோசித்துத்தான் கொடுக்கிறேன்.

பிந்துஜா


பாறசாலை,
5 ஏப்ரல் 2025

மக்களே,

உறை வந்தபோது ஸ்டாண்டில் எல்லோரும் இருந்தார்கள். "என்னவாக்கும் அண்ணே, ராக்கெட்டுல இருந்து வந்ததா?" என்று ராஜதாஸ் கேட்டான். கரண்ட் பில் என்றேன். என் வாழ்க்கையில் சொன்னவற்றிலேயே மிகவும் சின்னப் பொய் அதுதான். மின்சார ஆபீசு கெட்டி அட்டையில் பில் அனுப்புமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டேன். அம்மிணிக்குக் கூடக் காட்டவில்லை. என் போன் சட்டைப் பையில் துடித்தது. ஒரு போட்டோ எடுத்தால் யாருக்குத் தெரியும் என்று கை போனது. போனை ஸ்டாண்டுக்கே திருப்பிக் கொண்டுபோய் ராஜதாஸிடம் கொடுத்துவிட்டுத்தான் பொழியூர் போனேன். இந்தியாவில் இப்படி ஒரு தியாகம் நடந்ததில்லை.

ஜெம்மா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, பிறகும் ஒரு தடவை கழுவிவிட்டு வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். நான் வள்ளத்தைக் காட்ட வாயெடுத்தேன். அதற்குள் கண்டுவிட்டார். விரலை அதன் மேல் வைக்காமல், ஒரு நூல் இடைவெளியில் சும்மா பிடித்துக்கொண்டே இருந்தார். நான் அழுகையை எதிர்பார்த்து வெற்றிலையை வாயில் போடாமல் வைத்திருந்தேன். அவர் அழவில்லை. முகம் சுளித்து, வள்ளத்துக்கும் கடலுக்கும் நடுவே பார்த்தார். மேலே அந்தக் கோளத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அண்ணா, வள்ளம் ரொம்பத் தாழக் கெடக்கு. பிள்ளைட்ட சொல்லுங்க. பௌர்ணமி வாவுல இத்தூண்டு நிலாவுக்கே நம்ம கடலு எவ்வளவு கேறுது. இவ்வளவு பெருசு மேல நின்னா தண்ணி சும்மா கெடக்குமா? கொண்டுட்டுப் போயிரும். இன்னும் கொஞ்சம் மேல கேத்திப் போடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

மாமன்


காக்கநாடு,
10 ஏப்ரல் 2025

மாமா,

வள்ளத்தை மேலே ஏற்றிவிட்டேன். இழுத்த தடமும் தரையில் வரைந்திருக்கிறேன். படம் சம்மதமாகிவிட்டது, வேலையும் நிரந்தரமாகிவிட்டது. அக்காவிடம் சொல்லுங்கள், இனி தண்ணீர் எட்டாது.

இன்று சாயங்காலம் விளித்துப் பாருங்கள். அந்தப் பெண்பிள்ளை பேச மாட்டாள். திமிங்கலம் வந்து பார்த்துவிட்டுப் போன கதை முழுவதும் எனக்குக் கேட்க வேண்டும்.

பிந்துஜா